கோடு சொல்லட்டுமா, எழுத்து சொல்லட்டுமா?

காமிக்ஸ் ஒன்றை இருவர் சேர்ந்து உருவாக்கும்போது எழும் கருத்து வேறுபாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், அது பெரும்பாலும் ஆட்களின் குணத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எழுத்தாளர் பிடிவாதக்காரர், ஓவியர் முன்கோபி, இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிந்துவிட்டார்கள் என்பதோடு விளக்கம் நின்றுவிடும். கதையும் வசனமும் எழுதுகிற இடத்திலிருந்து, ஓவியர் ஒருவரோடு பல ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்துவரும் எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. எங்களுக்குள் நடந்த வாக்குவாதங்களில் குணத்தால் வந்தவை மிகக் குறைவு. ஏறத்தாழ எல்லாமே ஒரே கேள்வியின் வெவ்வேறு உருவங்கள்: இந்தச் செய்தியை வாசகருக்குச் சொல்லப்போவது கோடா, எழுத்தா? அந்தக் கேள்விக்கு வேலையின் எந்த நிலையில் விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே, சண்டை பக்கத்தைச் செழிக்க வைக்கிறதா, கூட்டு முயற்சியைக் குலைக்கிறதா என்பது முடிவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாவலில் எழுத்து தனியாக நிற்கிறது. ஓவியங்கள் சேர்க்கப்பட்டிருந்தாலும் அவை எழுத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. திரைப்படத்தில் வசனம் காதுக்கும் காட்சி கண்ணுக்கும் போவதால் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிப்பதில்லை. காமிக்ஸில் இரண்டுமே கண்ணுக்குத்தான், அதுவும் ஒரே தாளில், ஒரே கட்டத்துக்குள். வசனத்தைத் தாங்கும் பலூன் ஒன்றை நான் நீட்டினால் ஓவியர் வரைந்த வானமோ தோளோ மறைகிறது. அவர் ஒரு முகத்தைப் பெரிதாக வரைந்தால் என் வாக்கியம் பாதியாகக் குறைய வேண்டியிருக்கிறது. ஆகவே வாக்குவாதம் ரசனையைப் பற்றியது மட்டுமல்ல, இடத்தைப் பற்றியதும்கூட. அதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. வாசகர் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதைக் கட்டத்தின் அளவும் தீர்மானிக்கிறது, அதற்குள் இருக்கும் சொற்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது. எழுதுபவர் வசனத்தின் ஓட்டத்தைக் காதால் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். வரைபவர் கட்டங்களின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வரைகிறார். ஒரே காட்சிக்கு இரண்டு தாளங்கள் இருக்கும்போது அவை மோதத்தான் செய்யும்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நாங்கள் செய்த கதை ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். அவருடைய மகன் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டவன். ஒருநாள் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு நான் ஆறு கட்டங்கள் எழுதியிருந்தேன். தபால்காரர் திரும்பிப் போவது, மேசைமேல் உறை, ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, உறையைப் பிரிப்பது, கடிதத்தின் மேல் குனிந்திருக்கும் தலை, கடைசியாக முகம் மட்டும், மிக அருகில், கண் கலங்கிய நிலையில். அந்த முகத்துக்கு மேலே, கட்டத்தின் தலைப்பகுதியில், கதைசொல்லியின் குரலாக ஒரே வரி: ‘அது மகன் எழுதிய கடிதம் அல்ல, மகனைப் பற்றி யாரோ எழுதிய கடிதம்.’

ஓவியர் அனுப்பிய முன்வரைவில் அந்தப் பக்கம் முழுவதிலும் முகமே இல்லை. கடைசிக் கட்டத்தில் இரண்டு கைகள், படித்து முடித்த கடிதத்தை அது வந்தபோதிருந்த அதே மடிப்புகளின்படி மறுபடி மடித்துக்கொண்டிருந்தன. வலது கைக் கட்டைவிரல் மடிப்பின்மீது அழுத்தமாகப் பதிந்திருந்தது, காகிதம் தானாகத் திறந்துகொண்டுவிடுமோ என்று அஞ்சுவதைப் போல. மூக்குக்கண்ணாடி கழற்றப்பட்டு ஓரமாகக் கிடந்தது. என் வரிக்கு அங்கே இடமே விடப்படவில்லை. தற்செயலாக விடுபட்டதில்லை அது. வேண்டுமென்றே விடவில்லை என்று அவரே சொன்னார். “துக்கத்தை முகமும் சொல்கிறது, வரியும் சொல்கிறது. இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொன்னால் வாசகருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. கைகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம்” என்பது அவருடைய வாதம். அந்த வரி போய்விட்டால், கடிதம் மகனிடமிருந்தே வந்தது என்று வாசகர் நினைத்துக்கொள்வார், அடுத்த அத்தியாயத்தில் ஆசிரியர் மேற்கொள்ளும் பயணத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடும் என்பது என்னுடைய வாதம்.

இந்த இரண்டு வாதங்களும் சரியானவை என்பதுதான் சிக்கல். அவருடைய கைகள் நான் எழுதிய முகத்தைவிட மேலானவை என்பதை முதல் பார்வையிலேயே உணர்ந்தேன். ஆனால் என் வரியில் இருந்தது துக்கம் மட்டுமல்ல, ஒரு தகவலும் இருந்தது. அந்தத் தகவலை எந்தக் கையாலும் மடித்துக் காட்டிவிட முடியாது. பல நாட்கள் அந்தக் கடைசிக் கட்டத்தையே முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தோம். வரியைச் சுருக்கிப் பார்த்தோம், கட்டத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தோம், அடுத்த பக்கத்தின் தொடக்கத்துக்குத் தள்ளிப் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை. விடை கடைசியில் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. கதையின் தொடக்கத்தில், மகனின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தை ஆசிரியர் எடுத்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் மகனுடைய கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்து, வரியை விட்டு மேலே ஏறிப் போகும்படி வரையப்பட்டிருந்தது. அந்த நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, அதன் பக்கத்திலேயே உறையை வைத்து, உறையின் முகவரியை நேராக நிமிர்ந்த, அலுவலகத்தனமான வேறொரு கையெழுத்தில் எழுதிவிட்டால் போதும். உறையைப் பிரிப்பதற்கு முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடும், ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். அவர் மூக்குக்கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைப்பதற்கும் அப்போது ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. என் வரி போயிற்று, முகமும் திரும்பி வரவில்லை, ஆனால் தகவல் இரண்டு கையெழுத்துகளாக மாறி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு நடைமுறை. ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருவரும் அசையாமல் நிற்கிறோம் என்றால், குறை பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை. அதற்கு முன்னால் எங்கோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் சண்டை முற்றும்போது அந்தப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முந்தைய பக்கங்களை எடுத்துப் படிக்கிறோம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறோம். நான் வைத்துக்கொள்ள விரும்பும் வரியில் இருப்பது உணர்வா, தகவலா? உணர்வு என்றால் அநேகமாக ஓவியர் பக்கமே நியாயம் இருக்கும். தகவல் என்றால் அதைச் சுமக்க வேறு வழி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேட வேண்டும்.

சித்திரமே எப்போதும் வெல்ல வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. சொற்களைக் குறைத்துவிட்டாலே காமிக்ஸ் உயர்ந்துவிடும் என்றொரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. கோட்டால் சொல்ல முடியாதவை சில உண்டு. ஒருவர் வந்தார் என்பதை வரையலாம். அவர் அதன்பிறகு வரவே இல்லை என்பதை வரைய முடியாது, காலியான இருக்கையை வரைந்துவிட்டு வாசகர் புரிந்துகொள்வார் என்று காத்திருக்கத்தான் முடியும். ஒருவர் ஒரு வேலையைச் செய்தார் என்பதை வரையலாம். வழக்கமாகச் செய்துவந்தார் என்பதை வரைவது மிகக் கடினம். அதே கதையில் ஆசிரியர் வாரந்தோறும் ரயில் நிலையத்துக்குப் போய்வருவதைச் சொல்லற்ற பக்கமாக அமைத்துவிடலாம் என்று ஓவியர் விரும்பினார். ஒரே நடைமேடை, ஒரே பெஞ்சு, மாறுகிற சட்டை, மாறுகிற வெளிச்சம். அழகான பக்கம்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு அது ஒரே நாளின் வெவ்வேறு பொழுதுகளா, வெவ்வேறு நாட்களா என்பது பிடிபடவில்லை. ‘ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும்’ என்ற இரண்டே சொற்கள் சேர்ந்ததும் ஒரு பக்கம் முழுக்கச் செய்ய முயன்றது ஒரே கட்டத்தில் முடிந்துவிட்டது, மிச்சப்பட்ட இடம் வேறொரு காட்சிக்குக் கிடைத்தது. அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தவர் ஓவியர்.

இந்த இழுபறியை எந்த நிலையில் நடத்துவது என்பதற்கு, காமிக்ஸ் வரலாற்றில் ஒவ்வொரு கூட்டணியும் ஒவ்வொரு வழியைக் கண்டிருக்கிறது. அவற்றில் அதிகம் பேசப்படுவது 1960களில் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் நடைமுறையில் இருந்த முறை. எழுத்தாளர் ஸ்டான் லீ கதையின் சுருக்கத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார், சில சமயம் வாய்மொழியாகவே சொல்லிவிடுவார். ஓவியர் அதை வைத்துக்கொண்டு காட்சிகளைப் பிரித்து, வேகத்தை அமைத்து, எல்லாப் பக்கங்களையும் வரைந்து முடிப்பார். அதன் பிறகுதான் லீ வசனம் எழுதுவார். ஓவியருக்கு இவ்வளவு சுதந்திரம் வேறெங்கும் இல்லை என்று இதைப் புகழ்வார்கள். சுதந்திரம் இருந்தது உண்மைதான். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48ஆம் இதழின் பக்கங்களை ஓவியர் ஜாக் கிர்பி வரைந்து கொண்டுவந்தபோது, லீ கேட்டிராத ஒரு பாத்திரம் அவற்றில் இருந்தது. வெள்ளி உடலோடு, பறக்கும் பலகையொன்றின் மேல் நின்றபடி விண்வெளியில் சறுக்கிவரும் உருவம். உலகங்களை விழுங்கும் கேலக்டஸ் போன்ற ஒருவனுக்கு முன்னோடித் தூதன் ஒருவன் இருக்க வேண்டும் என்று கிர்பிக்குத் தோன்றியிருந்தது. 1966இல் வெளிவந்த அந்த சில்வர் சர்ஃபர், லீக்கும் மிகவும் பிடித்துப்போய், அவர் தத்துவம் பேசும் குரல் ஒன்றை அதற்குக் கொடுத்தார்.

இதுவரை பார்த்தால் கூட்டு முயற்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்தப் பாத்திரம் யார் என்பதில் இருவருக்கும் இரண்டு மனச்சித்திரங்கள் இருந்தன. கிர்பிக்கு அவன் மனிதப் பிறவியே இல்லை, கேலக்டஸின் ஆற்றலிலிருந்து உருவானவன், மனித உணர்வுகளைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன். 1968இல் அந்தப் பாத்திரத்துக்குத் தனி இதழ் தொடங்கியபோது அதை வரையும் பணி ஜான் புஸெமாவிடம் போயிற்று. லீ எழுதிய கதையில் அவன் தன் கோளைக் காப்பாற்றத் தன்னையே விலையாகக் கொடுத்த மனிதனாகிவிட்டான். எந்தக் கற்பனை மேலானது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வேலைமுறையின் அமைப்பு. வரைந்து முடித்த பிறகே வசனம் எழுதப்படும் என்றால், வசனம் எழுதுகிறவருக்கே எப்போதும் கடைசிச் சொல். ஓவியர் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை, ஏனெனில் அவருடைய வேலை அதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தின் ஓரங்களில் கிர்பி பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் இன்று மூலப் பிரதிகளில் காணக்கிடைக்கின்றன. இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, பாத்திரம் என்ன நினைக்கிறது என்று வசனம் எழுதுகிறவருக்குச் சொல்லும் குறிப்புகள் அவை. நேரில் அமர்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டியவை ஓரங்களுக்குப் போய்விட்டன. 1970இல் கிர்பி அந்த நிறுவனத்தைவிட்டு விலகினார்.

அதே நிறுவனத்தில் ஸ்பைடர்மேன் தொடரை வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் கதை இன்னும் கடுமையானது. அந்தத் தொடரில் 1965இலிருந்து கதையமைப்புக்கான பெயரும் டிட்கோவுக்கே தரப்பட்டது. அந்தக் காலத்தில் அவரும் லீயும் நேரில் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். டிட்கோ பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போவார், லீ அவற்றுக்கு வசனம் எழுதுவார். அந்த மௌனத்தின் நடுவில்தான் 33ஆம் இதழ் வந்தது. ஸ்பைடர்மேன் பெரும் இயந்திரம் ஒன்றின் அடியில் சிக்கிக்கிடக்கிறான். அவனுடைய அத்தையைக் காப்பாற்றும் மருந்து கைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அவன் முக்கி முனகி அந்தப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறான், முயற்சி பெருகப் பெருகக் கட்டங்களும் விரிந்து, கடைசியில் முழுப்பக்கமாகத் திறந்துகொள்கின்றன. பேசிக்கொள்ளாத இருவர் இப்படியொன்றைப் படைத்திருக்கிறார்களே, பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. அந்தக் காட்சியில் கோடு எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு டிட்கோ ஒருவரே முழுமையாக விடை கண்டுவிட்டார். சொற்கள் அந்த விடையைப் பின்தொடர்ந்து வந்தன. தனி ஒருவர் தீர்க்கக்கூடிய காட்சியாக அது அமைந்தது. எல்லாக் காட்சிகளும் அப்படி அமைவதில்லை, இருவரும் உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை சேர்ந்துகொண்டே போகும்போது அவற்றைத் தீர்க்க இடமே இல்லாமல் போகிறது. 38ஆம் இதழோடு 1966இல் டிட்கோ விலகிவிட்டார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான ஹார்வி கர்ட்ஸ்மன். 1950களின் தொடக்கத்தில் போர்க்கதை இதழ்களை நடத்தியபோது, ஒவ்வொரு பக்கத்தின் கட்ட அமைப்பையும் தானே வரைந்து ஓவியர்களிடம் கொடுத்தார்; அதிலிருந்து விலகக் கூடாது என்பது அவர் நிபந்தனை. சண்டைக்கே இடமில்லாத ஏற்பாடு. அந்தக் கதைகளின் கட்டுக்கோப்பு வியக்கத்தக்கது என்றாலும், நன்கு வரையத் தெரிந்த சிலருக்கு அது மூச்சுமுட்டியதில் ஆச்சரியம் இல்லை. ஜப்பானில் ‘டெத் நோட்’ 2003 முதல் 2006 வரை வார இதழில் தொடராக வந்தபோது, கதையாசிரியர் ஓபா பக்கங்களின் முன்வரைவைத் தானே கட்டம் பிரித்துக் கொடுத்தார், ஓவியர் ஓபாட்டா அதை வாங்கிக் கோணங்களையும் கட்டங்களையும் தன் பார்வைக்கேற்ப மாற்றி வரைந்தார், இடையில் பதிப்பாசிரியர் ஒருவர் நின்றார். நேரில் அதிகம் சந்திக்காமலேயே வேலை நடந்தது, ஆனாலும் வாதத்துக்கு ஒரு தாள் இருந்தது.

என்னை அதிகம் சிந்திக்க வைப்பது எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் 1986, 1987 ஆண்டுகளில் 12 இதழ்களாகச் செய்த ‘வாட்ச்மென்’. முதல் இதழுக்கு மட்டும் மூர் தட்டச்சில் 101 பக்கம் எழுதினார். ஒரு கட்டத்தில் மேசைமேல் என்னென்ன பொருட்கள் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கும். இப்படி எழுதுகிறவர் ஓவியரின் கையைக் கட்டிப்போட்டுவிடுவார் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தப் படைப்பின் முகமாகவே இன்று அறியப்படும் இரண்டு அம்சங்கள் கிப்பன்ஸிடமிருந்து வந்தவை: பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற சீரான அமைப்பும், மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் பொறித்த சட்டைப் பொத்தானும். எழுதத் தொடங்கும் முன்பே இருவரும் நிறையப் பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சில் ஓவியரின் யோசனைகள் கதைக்குள் போய்விட்டன, பிறகு எழுதப்பட்ட 101 பக்கங்களும் அவற்றின்மேல்தான் நின்றன. விரிவான எழுத்துப்பிரதி சர்வாதிகாரம் என்றும் சுருக்கமான பிரதி சுதந்திரம் என்றும் பிரிப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதனால்தான் முன்வரைவு நிலையை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். தம்ப்நெயில் என்று ஓவியர்கள் சொல்லும் உள்ளங்கை அகலச் சிறு வரைவு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு அதில் மூன்று நான்கு வடிவங்கள்கூடப் போட்டுப் பார்க்கலாம். பென்சில் வேலைக்குப் போனால் மணிக்கணக்கு, மை ஏற்றி முடிப்பதற்குள் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிவிடும். மை ஏற்றிய பக்கத்தைப் பார்த்து ‘இந்தக் கோணம் சரியில்லை’ என்று எழுதுபவர் சொன்னால், அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும், ஓவியர் காதில் விழுவது ‘உன் ஒரு நாள் உழைப்பைத் தூக்கிப்போடு’ என்பதுதான். அதே சொற்களைச் சிறு வரைவின்மீது சொன்னால் அவர் ரப்பரை எடுத்துக்கொள்வார். கருத்து ஒன்றே, விலை வேறு. ஆகவே மை ஏற்றிய பக்கத்தில் நான் எழுத்துப்பிழையையும் தொடர்ச்சிப் பிழையையும் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரும் அதற்கு ஈடாக, முன்வரைவு முடிந்த பிறகு வசனத்தைச் சுருக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

இது நடக்க வேண்டுமானால் முன்வரைவு நிலையிலேயே வசனம் முழுமையாக இருக்க வேண்டும். ‘இங்கே ஏதோ பேசுகிறார்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று நான் விட்டுவைத்தால், அந்த ‘ஏதோ’ பின்னர் பலூனாக வந்து வரைந்த தோளின்மேல் உட்காரும். தமிழில் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலத்தில் ஒரு பலூனுக்கு 25 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று பழைய தொழில்வழக்கு ஒன்று உண்டு. நம் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீள்பவை. எழுத்துகளின் மேலும் கீழும் கொம்பும் சுழியும் நீட்டிக்கொண்டிருப்பதால் வரிகளுக்கிடையே இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிக் கட்டம் எழுத்துக்கே போய்விடும். எங்கள் எழுத்தமைப்பை ஓவியரே செய்கிறார். எந்தப் பலூன் முதலில் படிக்கப்படும் என்பதைக் கட்டத்தை வரையும்போதே அவர் திட்டமிட்டுவிடுவதால், யார் முதலில் பேசுகிறாரோ அவரை இடப்பக்கம் நிறுத்திவிடுகிறார். எளிய விஷயம் போலத் தோன்றும். பாத்திரங்களை மாற்றி நிறுத்திவிட்டு, பிறகு பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு திணறும் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பக்கத்தைத் திருப்பும் இடம் குறித்து நாங்கள் போட்ட சண்டைகளைத் தனியாகவே எழுதலாம். அச்சிட்ட புத்தகத்தில் வாசகர் தாளைத் திருப்பியதும் கண்ணில் படுவது இடப்பக்கம். எதிர்பாராத ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் அது அந்த இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால், எதிர்ப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். ஓர் உரையாடலுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று ஓவியர் ஒரு பக்கத்தைக் கூட்டினால், அதற்குப் பின்னால் வரும் எல்லாத் திருப்பங்களும் ஒரு பக்கம் நகர்ந்து தவறான இடத்தில் போய் விழும். அவர் கேட்ட மூச்சும் நியாயம், நான் காக்க நினைத்த திருப்பமும் நியாயம். பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்காவது ஒரு பக்கத்தை நான் வெட்டிக் கொடுப்பதில்தான் போய் முடியும். கைப்பேசியில் மேலிருந்து கீழே நகர்த்திப் படிக்கும் வெப்டூன் வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே கட்டங்களுக்கு இடையே விடும் வெற்றிடத்தின் நீளம் அந்த வேலையைச் செய்கிறது, வாக்குவாதமும் அந்த நீளத்தைப் பற்றியதாகிவிடுகிறது.

அப்படியும் தீராதவை வரும். அப்போது யார் சொல்வது இறுதி? கதையில் என்ன நடக்கிறது என்பதில் நானும், அதை எப்படிக் காண்கிறோம் என்பதில் அவரும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் எல்லைக்கோட்டின்மேல் விழும் கேள்விகளே அதிகம். அவற்றுக்கு மூன்றாவது ஆள் ஒருவரை நாடுகிறோம். கதை தெரியாத ஒருவரிடம் முன்வரைவைக் கொடுத்து, எதையும் விளக்காமல், என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்கிறோம். பிடித்திருக்கிறதா என்று கேட்பதில்லை. பிடித்திருக்கிறது என்றே எல்லோரும் சொல்வார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டால், எங்கே தடுமாறுகிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். ரயில் நிலையப் பக்கத்தின் கதை அப்படித்தான் வெளிப்பட்டது.

படைப்பைப் பற்றிய சண்டைபோலத் தோன்றி, உண்மையில் பெயரைப் பற்றியதாக இருக்கும் சண்டைகளும் உண்டு. ஒருவருக்குத் தன் பங்கு மறைக்கப்படுகிறது என்ற ஐயம் வந்துவிட்டால், அவர் ஒவ்வொரு கட்டத்திலும் தன் முத்திரையைக் காக்கப் போராடுவார். அந்த மனநிலையில் பக்கத்துக்கு எது நல்லது என்ற பேச்சே எடுபடாது. 1939இல் வெளிவந்த பேட்மேன் பாத்திரத்துக்குப் பல பத்தாண்டுகள் பாப் கேன் பெயர் மட்டுமே படைப்பாளராக அச்சாகிவந்தது. தோற்றத்திலும் கதையிலும் பெரும்பங்கு ஆற்றிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். அவர் பெயரும் சேர்க்கப்படும் என்று பதிப்பு நிறுவனம் அறிவித்தது 2015இல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. எங்கள் முதல் வேலைக்கே, எழுதத் தொடங்கும் முன்பு, யார் பெயர் எங்கே வரும், கதைக்கு இருவருக்கும் எவ்வளவு உரிமை, ஒருவர் விலகினால் பாத்திரங்கள் யாருடையவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நட்பு இருக்கும்போதுதான் அதை எழுத முடியும். இப்போது ‘கதை’, ‘ஓவியம்’ என்று எங்கள் பெயர்களைப் பிரித்துப் போடுவதில்லை. இருவர் பெயரையும் ஒன்றாகவே போடுகிறோம். நோட்டுப் புத்தகத்திலும் உறையிலும் வந்த அந்த இரண்டு கையெழுத்துகளும் யார் யோசனை என்று இன்று எங்களிடம் கேட்டால் இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதற்குக் காரணம்.

இப்போது செய்துகொண்டிருக்கும் புத்தகத்தில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கதைசொல்லியின் குரலை நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும் என்கிறேன் நான். சொற்கள் இல்லாமல் அந்தப் பக்கங்கள் வேகமாகப் புரட்டப்பட்டுவிடும், வாசகரைப் பிடித்து நிறுத்தக் குரல் இறுதிவரை வேண்டும் என்கிறார் ஓவியர். என் கோடுகளை நம்பு என்று அவர் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விதமாகவும் சிறு வரைவுகள் போட்டு, கதை தெரியாத இருவரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறோம். மை ஏற்றும் வேலை அவர்கள் படித்துச் சொன்ன பிறகுதான் தொடங்கும்.